எடை மிஷினும் நூறு பக்க நோட்டும்: சுங்கை சிப்புட் கடைத்தெருவில் வாங்கத் தகுந்தது எது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனில் மின்சாமான் கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை என்று எங்கு நுழைந்தாலும் கண்ணாடித் தட்டு வைத்த டிஜிட்டல் எடை மிஷின் இருக்கிறது. விலை பெரும்பாலும் 25 முதல் 40 வெள்ளிக்குள் (ரிங்கிட்). புத்தகக் கடையில் கோடு போட்ட நூறு பக்க நோட்டு இரண்டு மூன்று வெள்ளி. தையல் சாமான் விற்கும் இடத்தில் அளவு நாடா அதைவிட மலிவு. உடம்பைக் குறைக்க நினைக்கும் ஒருவர் கடைத்தெருவில் செலவழிக்க வேண்டியது இவ்வளவுதான். இதற்கு மேல் யார் எதை விற்க வந்தாலும் அவசரப்பட வேண்டாம்.

ஆனால் மிஷினை மட்டும் வாங்கிக்கொண்டு நோட்டை விட்டுவிட்டு வரக்கூடாது. மிஷினில் ஏறி இறங்கிய அடுத்த அரைமணி நேரத்தில் மனசு என்ன முடிவெடுக்கிறது என்பதில்தான் பலருடைய முயற்சி நிற்கிறது அல்லது விழுகிறது. பெட்டிக்குள் வரும் கையேட்டில் பேட்டரி போடுவது எப்படி என்று நான்கு மொழியில் எழுதியிருக்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் இந்த மதிப்பீட்டில் பொருளைப் பற்றிக் கொஞ்சமும், அதைப் பயன்படுத்தும் மனசைப் பற்றி நிறையவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது நம் ஊர்களுக்கு வேண்டிய பேச்சு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் மலைக்காட்டில் ஏறி இறங்கிப் பால் வெட்டியவர்களின் சோற்றளவு, இன்று காவல் வேலையில் 12 மணி நேரம் நாற்காலியில் உட்காருபவர்களின் தட்டிலும் அப்படியே இருக்கிறது. வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை.

முதலில் மிஷின். வாங்கும்போது பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கையில் அரை லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்று கொண்டுபோங்கள். வெறுங்கையோடு ஏறி எண்ணைப் பாருங்கள். இறங்கி, திரை அணைந்தபின், போத்தலைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள். அரைக் கிலோ கூடியிருக்க வேண்டும். எண் அசையாமல் முன்பு காட்டியதையே காட்டினால் அந்த மிஷினை வாங்காதீர்கள். புதிய எடை பழைய எடைக்குப் பக்கத்தில் இருந்தால் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும்படி செய்யப்பட்ட மிஷின்கள் பல விற்பனையில் உள்ளன. எத்தனை தடவை ஏறினாலும் ஒரே எண் வந்தால் நல்ல மிஷின் என்று வாங்குபவர் நம்பிவிடுவார் என்பதுதான் அதன் நோக்கம். எடை குறைப்பவருக்கு இது பெரிய கேடு. நான்கு நாள் ஒரே எண்ணைக் காட்டிவிட்டு ஐந்தாம் நாள் திடீரென்று தாவும். தாவியது மேல்நோக்கி என்றால் அன்றைக்கு மனசு உடைந்துபோகும். போத்தலைத் தனியாகத் தட்டில் வைத்துச் சோதிக்க வேண்டாம். ஆள் எடைக்குச் செய்த மிஷின்கள் பலவும் சில கிலோவுக்குக் குறைந்த பாரத்தைக் கண்டுகொள்ளாது.

வீட்டுக்கு வந்ததும் 10 கிலோ அரிசிப் பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை ஏறிப் பாருங்கள். வித்தியாசம் 10 கிலோவுக்கு மிக நெருக்கமாக இருந்தால் போதும். கிளினிக்கில் உள்ள தராசைவிட ஒரு கிலோ கூடக் காட்டினாலும் கவலையில்லை. தினமும் அதே ஒரு கிலோவைத்தான் கூட்டிக் காட்ட வேண்டும், அதுதான் முக்கியம்.

வைக்கும் இடம் பெரிய விஷயம். இந்த மிஷின்களின் நான்கு காலிலும் ஒவ்வொரு உணரி இருக்கிறது. நீங்கள் ஏறும்போது உள்ளே இருக்கும் சிறிய உலோகத் துண்டு நூலிழை அளவு வளைகிறது, அந்த வளைவைத்தான் மிஷின் எடையாக மாற்றிச் சொல்கிறது. தரை மெத்தென்று இருந்தால் வளைவு சரியாக வராது. ஆகவே ரப்பர் பாய் விரித்த ஹாலிலும் கம்பளத்தின் மேலும் வைக்கக்கூடாது. வெறும் சிமெண்டுத் தரை, அல்லது நான்கு காலும் ஒரே கல்லில் நிற்கும்படி டைல்ஸ் தரை. பழைய லயத்து வீடுகளில் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். சமமான ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, நான்கு காலும் வரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுவிட்டு, அங்கேயே விட்டுவிடுங்கள். நகர்த்தினால் முதல் எண்ணை நம்பாதீர்கள். காலால் ஒரு தட்டு தட்டி, 0.0 வந்து அணைந்தபின் ஏறுங்கள்.

நேரம்: தூங்கி எழுந்து, கழிவறைக்குப் போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், மெல்லிய உடுப்போடு. இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தூங்கி எழும் நேரம்தான் காலை, கடிகாரத்தில் மதியம் 3 மணியாக இருந்தாலும் சரி. செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து ஏறக்கூடாது. வெயிலில் நாலு மணி நேரம் வேலை செய்தவர் உடம்பிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போயிருக்கும். அப்போது தெரியும் இறக்கம் இரண்டு போத்தல் தண்ணீரில் திரும்பிவிடும், கூடவே ஏமாற்றமும் வரும்.

இரண்டு மூன்று மடங்கு விலையில், கைத்தொலைபேசியோடு இணைத்து, கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, உடம்பின் 'வயது' என்ன என்றெல்லாம் காட்டும் மிஷினும் இருக்கிறது. வேண்டாம். அது பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பு தரும் தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதால் வயிற்றில் உள்ள கொழுப்பை அது நேராகப் பார்ப்பதே இல்லை. பாதம் ஈரமாக இருந்தால் ஓர் எண், காய்ந்திருந்தால் இன்னோர் எண். முதல் நாள் தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலும் எண் மாறும். ஒரே ஓர் எண்ணைச் சமாளிக்கவே மனசு திணறுகிறது. பத்து எண்களைக் கொடுத்தால் தினமும் அவற்றில் ஒன்றாவது கெட்ட செய்தி சொல்லும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த வகை மிஷினில் ஏறவே கூடாது.

இனி, காலையில் அந்த எண்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், உடம்புக்குத் தேவையானதற்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இருபத்தைந்து ரொட்டிக்கும் கூட. யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் கல்யாண விருந்துக்கு மறுநாள் காலை மிஷின் 1.2 கிலோ கூடக் காட்டுவது சாதாரணம். எங்கிருந்து வந்தது? உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது: அப்பளம், ஊறுகாய், ரசம், அஜினமோட்டோ போட்ட மீ. சோறும் மாவும் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்கின்றன, ஒரு கிராம் கிளைக்கோஜன் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே வைத்துக்கொள்கிறது. சாப்பிட்டது குடலில் இன்னும் இருக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்திய சில நாள்களில் உடம்பில் நீர் தங்கி எடை கூடும், பலருக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே. மலச்சிக்கல் இருந்தால் அதுவும் எண்ணில் தெரியும்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது என்று துள்ளுபவர்கள் இழந்ததில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். மறுபடி ஒரு பிடி சோறு சாப்பிட்டதும் கொஞ்சம் திரும்பும். 'சோறுதான் எனக்கு எதிரி' என்ற முடிவு அங்கே பிறக்கிறது, அது தவறான முடிவு.

சராசரி எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை எண்களிலேயே பார்க்கலாம். ஒருவரின் முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 82.4, 82.9, 82.1, 82.0, 82.6, 83.1, 82.3. இரண்டாம் வாரம்: 82.2, 81.9, 82.5, 81.8, 81.7, 83.0, 82.6. வாரம் ஒருமுறை ஞாயிறு மட்டும் ஏறுபவராக இருந்தால் இவர் கண்டது 82.3, பிறகு 82.6. ஏழு நாள் பட்டினி கிடந்தது போல் இருந்தும் 300 கிராம் ஏறிவிட்டது என்று நினைப்பார். ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் முதல் வாரம் 82.49, இரண்டாம் வாரம் 82.24. உண்மையில் கால் கிலோ அளவுக்கு இறங்கியிருக்கிறது. மனிதர் ஒருவரே, மிஷினும் அதேதான். எந்த எண்ணைப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்யாதவர் கைவிடுகிறார், முடிவுசெய்தவர் தொடர்கிறார். ஒரு நாள் ஏற மறந்தால் இருக்கும் ஆறு எண்களை ஆறால் வகுங்கள். மாதவிலக்கு உள்ள பெண்கள் இந்த மாதவிலக்குச் சுற்றின் முதல் வாரத்தை முந்திய சுற்றின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் நியாயம்.

சராசரி தெரிந்தபின்னும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. அதற்குத் தமிழில் பழமொழியே உண்டு: நனைந்த பிறகு முக்காடு எதற்கு. காலையில் எண் கூடியிருக்கிறது, அல்லது பத்து மணிக்குக் கந்தீனில் ஒரு கறிபாப் வாயில் போய்விட்டது. 'இன்னிக்குத்தான் கெட்டுப்போச்சே, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று மத்தியானம் நாசி கண்டார், சாயங்காலம் பிசாங் கோரேங், இரவு மேகி கோரேங். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதனையில் பார்த்தார்கள். வழக்கமாகச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவை பார்க்கச் சொன்னார்கள். வயிற்றில் ஏற்கெனவே மில்க் ஷேக் இருந்ததால் குறைவாகச் சாப்பிட வேண்டியவர்கள், எதுவும் குடிக்காத கட்டுப்பாட்டாளர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்களோ மில்க் ஷேக் குடித்தபின் குறைத்துக்கொண்டார்கள். கறிபாப் ஒன்றால் வரும் சேதம் இருநூறு கலோரிக்குப் பக்கம். அதற்குப் பின்னால் வரும் 'போனது போச்சு'தான் ஆயிரத்தைத் தாண்டுகிறது.

இதற்கு மருந்து நோட்டில் இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில், மனசு தெளிவாக இருக்கும் ஒரு நாளில், 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று எழுதி வைக்க வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இது. 'இனிமேல் கட்டுப்பாடாக இருப்பேன்' என்று பொதுவாகச் சொல்லும் உறுதிமொழியைவிட, இடம், நேரம், செயல் மூன்றையும் கட்டி எழுதும் வாக்கியம் நன்றாக வேலை செய்கிறது. அந்த நேரம் வரும்போது யோசிக்க வேண்டியதில்லை, முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. சில மாதிரிகள்: 'காலையில் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால், எண்ணை எழுதுவேன், பக்கத்தில் நேற்று சாப்பிட்ட உப்பான ஒன்றை எழுதுவேன், வழக்கமான பசியாறலைச் சாப்பிடுவேன்.' 'கடையில் என்ன தண்ணி என்று கேட்டால், தே ஓ கோசோங் என்பேன்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). 'ஒரு வேளை கை மீறினால், அடுத்த வேளையை விடமாட்டேன், வழக்கமான அளவு சாப்பிடுவேன்.' மூன்றாவது மிக முக்கியம். மீறியதற்குத் தண்டனையாக ஒரு வேளை பட்டினி கிடந்தால் அடுத்த மீறல் இன்னும் பெரிதாக வரும்.

ஐந்து வாக்கியத்துக்கு மேல் எழுத வேண்டாம். இருபது எழுதினால் ஒன்றும் நினைவிருக்காது.

நோட்டின் மற்றப் பக்கங்களில் ஐந்து கட்டம் கோடு போடுங்கள்: நேரம், என்ன, எவ்வளவு, பசி, மனசு. பசிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண், சாப்பிடும் முன்பே போட வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் மனசு தனக்குச் சாதகமாகப் போட்டுக்கொள்ளும். ஒரு வரி இப்படி இருக்கும்: 'இரவு 9.20. மீ கோரேங் பாதித் தட்டு, மைலோ ஐஸ். பசி 2. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் ஏசினார்.' இந்த வரியில் கலோரியைவிடப் பெரிய தகவல் அந்த 2. பசியே இல்லாமல் சாப்பாடு போயிருக்கிறது, காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு வாரம் எழுதினால் ஒவ்வொருவருக்கும் ஒரு தடம் தெரியும். சிலருக்கு இரவு தொலைக்காட்சி நேரம். சிலருக்குச் சம்பள நாள். சிலருக்குக் காலையில் பசியாறாமல் வேலைக்குப் போய் மத்தியானம் இரண்டு மணிக்கு பசி 9ஆக வரும்போது தட்டில் விழும் மூன்றாவது கரண்டிச் சோறு. இந்த மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு. கடைசி ஆளுக்கு மன உறுதியைப் பற்றி அறிவுரை சொல்வது வீண், அவருக்குக் காலையில் இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் வேண்டும்.

பசி 3க்குக் கீழே இருந்து வாய் மட்டும் கேட்டால் 20 நிமிடம் தள்ளிப் போடுங்கள். ஆசை ஒரே உயரத்தில் நிற்காது, ஏறும், பிறகு தானாக இறங்கும். போதைப் பழக்கங்களிலிருந்து மீள்பவர்களுக்காக உளவியலாளர் ஆலன் மார்லட் சொல்லிக்கொடுத்த முறை இது: ஆசையோடு சண்டை போடாமல், அது உடம்பில் எங்கே தெரிகிறது, கூடுகிறதா குறைகிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. 20 நிமிடம் கழித்தும் வேண்டுமென்றால் சாப்பிடுங்கள், எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நோட்டு எங்கே கெட்டுப்போகிறது? இரவு படுக்கும்முன் மொத்தமாக எழுத உட்காருவதில். மாலையில் கொறித்தது நினைவுக்கு வராது. 'கொஞ்சம்' என்று எழுதுவதில். கொஞ்சம் என்பதற்கு அளவே இல்லை, ஆகவே கரண்டி, கைப்பிடி, டம்ளர், துண்டு என்று எண்ணி எழுதுங்கள். எல்லாவற்றையும்விட, கெட்ட நாளில் எழுதாமல் விடுவதில். தீபாவளி வாரத்தில் வெறும் பக்கமும் அதற்கு முன் இருபது ஒழுங்கான பக்கமும் உள்ள நோட்டு எதையும் சொல்லித் தராது. பாடம் இருப்பதே அந்த வெறும் பக்கத்தில்தான்.

உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிறிய ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். குறைந்தால் 'என்னடி இப்படி இளைச்சிட்ட, இனிப்பு நீரா?' என்று நீரிழிவைக் கேட்பார்கள். கூடினால் 'உடம்பு வச்சிருச்சே' என்பார்கள். இரண்டுமே அன்பிலிருந்து வருகின்றன, இரண்டுமே புண்படுத்துகின்றன. விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஆலோசனைக் கூட்டமாகிவிடும். 'நல்லா இருக்கேன் அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க?' என்று பேச்சைத் திருப்பிவிடுவது போதும். பந்தியில் பரிமாறுபவர் வருவதற்குள் சோற்றுக்கான இடத்தை இலையில் காய்கறியால் நிரப்பிக்கொள்ளலாம். முதல் சுற்றோடு இலையை மடித்துவிட்டால் யாரும் மேலே போட மாட்டார்கள், மரியாதையும் கெடாது. வீட்டு விருந்தில் 'வேண்டாம்' என்ற சொல் சண்டையில் முடியும். 'போதும் பெரியம்மா, வயிறு நெறஞ்சிருச்சு, கொஞ்சம் கட்டிக் குடுங்க' என்றால் சமைத்தவர் மனம் குளிர்ந்துவிடும். பொட்டலம் வீட்டில் நான்கு பேருக்குப் பங்காகும். இந்த வாக்கியத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம், கூச்சமே இல்லாமல் சொல்ல வாயில் பழகியிருக்க வேண்டும்.

இலக்கு எவ்வளவு? 20 கிலோ என்று நோட்டின் அட்டையில் எழுதுவதுதான் வழக்கம். அது மனசை மூன்றாவது வாரத்திலேயே சோர்வடையச் செய்யும். இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். 82 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோ. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காக வைத்த குழுவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. வீட்டுக்கு ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கும் நம் குடும்பங்களில் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எடை குறைந்தபின் மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது அடுத்த தவறு. 2006இல் எடைக் குறைப்பு ஆய்வாளர் ரீனா விங்கின் குழு, எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்திருந்த 314 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்தது. தினமும் எடை பார்க்கவும், கூடியது எவ்வளவு என்பதைப் பொறுத்து என்ன செய்வது என்றும் நேரில் கூடிக் கற்றுக்கொண்ட குழுவில் 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் திரும்ப ஏறியவர்கள் 46 விழுக்காடு. மாதாமாதம் வெறும் செய்திமடல் மட்டும் கிடைத்த குழுவில் 72 விழுக்காடு. அவர்கள் சொல்லிக்கொடுத்தது போக்குவரத்து விளக்கின் மூன்று நிறம். இலக்கு எடைக்கு மேல் ஏறக்குறைய 1.4 கிலோ வரை பச்சை, எதையும் மாற்ற வேண்டாம். அதற்கு மேல் மஞ்சள், நோட்டை மறுபடி எடுத்து எங்கே கூடியது என்று பார்க்க வேண்டும். 2.3 கிலோ தாண்டினால் சிவப்பு, ஆரம்பத்தில் செய்த முறையை அப்படியே மறுபடி தொடங்க வேண்டும். மிஷினுக்கு மேலே சுவரில் மூன்று எண்ணையும் எழுதி ஒட்டிவிட்டால் காலையில் மனசு வாதாடுவதற்கு இடமில்லை. வாரச் சராசரியை வைத்து நிறத்தைத் தீர்மானியுங்கள், ஒரு நாள் எண்ணை வைத்து அல்ல.

அளவு நாடாவுக்கு வேலை குறைவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே இருப்பது நல்லது. மிஷின் மூன்று வாரமாக அசையாமல் நிற்கும்போது நாடா இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருப்பதுண்டு. அப்போது அது கொடுக்கும் தெம்பு வேறெதிலும் கிடைக்காது.

டவுனில் போட்டிக்கு இருப்பவை இரண்டு. ஒன்று, சாப்பாட்டுக்குப் பதிலாக மாவைக் கரைத்து ஷேக் குடிக்கும் கிளப் கடைகள். அங்கே நல்லது என்று சொல்ல ஒன்று இருக்கிறது: தினமும் போய் உட்கார நாலு பேர், ஒரே முயற்சியில் இருப்பவர்கள். தனியாகப் போராடுவதைவிடக் கூட்டமாக இருப்பது மனசுக்குத் தெம்பு. ஆனால் மாவு டின்னுக்கு மாதாமாதம் போகும் பணமும், வெண்பலகையில் பெயர் போட்டு எல்லார் எடையையும் எழுதி வைக்கும் வழக்கமும் அதே தெம்பைக் கெடுக்கின்றன. கூடிய வாரம் வெட்கப்பட்டு வராமல் போகிறவர்தான் உண்மையில் வர வேண்டியவர். இரண்டு வேளை மாவும் ஒரு வேளை அரை வயிற்றுச் சாப்பாடும் என்று கடுமையாகப் போகும் திட்டங்களுக்கு இன்னொரு விலை உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். தினம் சுமார் 1,570 கலோரி. அவர்கள் எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனார்கள். பட்டினிக் கட்டம் முடிந்தபின்னும் சிலருக்குச் சாப்பிட்டால் நிறுத்த முடியவில்லை. இரவெல்லாம் நாசி லெமாக் நினைப்பு வருகிறதென்றால் அது குணக்கேடு இல்லை. உடம்பு பட்டினியை அறிவிக்கிறது.

மற்றது, கோப்பி பாக்கெட்டாகவும் சாறாகவும் விற்கும் 'ஸ்லிம்மிங்' பொருள்கள். இவற்றில் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்து மறைத்துக் கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து என்று 2010இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. மருந்து என்று விற்றால் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். மூன்றே நாளில் பசியே போய்விட்டது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். அப்படி உள்ளே எதுவும் கலக்காத பாக்கெட்டாக இருந்தாலும், பாக்கெட் தீர்ந்த அன்று சூப்பர்வைசர் ஏசினால் என்ன செய்வது என்று அது கற்றுக்கொடுத்திருக்காது.

வீட்டில் ஒரு மிஷின் போதும், ஆளுக்கு ஒரு நோட்டு. ஒருவர் நோட்டை இன்னொருவர் படிக்கக்கூடாது, எண்ணைச் சத்தம் போட்டு வாசிக்கக்கூடாது. வளரும் பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்கிப் பேசாதீர்கள். அவர்களுக்கு எடை கூடுவதுதான் இயல்பு. கேலி பேச்சு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சிலர் மிஷினே வாங்கக்கூடாது. யாருக்கும் தெரியாமல் அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பவர்கள், ஒரு நாளில் நாலைந்து தடவை ஏறிப் பார்க்காமல் இருக்க முடியாதவர்கள், காலை எண்ணைப் பொறுத்து வேலைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர்கள், கர்ப்பிணிகள். இவர்களுக்கு அளவு நாடாவும் வேண்டாம், ஆள்தான் வேண்டும். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. உணவியல் அதிகாரியிடமோ மனநல ஆலோசகரிடமோ அனுப்பச் சொல்லி டாக்டரிடம் நேராகக் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் 15555 மனநல உதவித் தொலைபேசியும் இருக்கிறது. போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 'என்ன சாப்பிடுறீங்க?' என்று கேட்டால் எல்லாரும் 'கொஞ்சமாதான்' என்றுதான் சொல்வோம். இரண்டு வாரப் பக்கத்தைத் திறந்து வைத்தால், பசி 2 என்று எழுதிய வரிகளிலிருந்து அதிகாரியே பேச்சைத் தொடங்கிவிடுவார்.